கதைச்சு முடிக்கிறது எண்டால், ஆற்ற காசில?

"பொடியன் தெரியாமல் செய்துபோட்டான். கேஸ், கோடு எண்டு அலையாமல் கதைச்சு முடிப்பம்."

எங்கட ஊர்களில் ஒரு வீதி விபத்து நடந்து மூன்று நாள் போவதற்குள் இந்த வசனம் யாரோ ஒருவருடைய வாயில் வந்துவிடும். சொல்கிறவர் அநேகமாக ஊரில் மதிப்புள்ள ஆள். ஓய்வுபெற்ற அதிபராக இருப்பார், கோயில் நிர்வாகசபையில் இருப்பார், இல்லாவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாக இருப்பார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. பொடியனுடைய படிப்புக் குழம்பக்கூடாது, அடிபட்டவருக்கும் ஏதாவது கிடைக்கவேண்டும், நாளைக்கு இரண்டு குடும்பமும் ஒரே தேர்த்திருவிழாவில் முகம் பார்த்துச் சிரிக்கவேண்டும். இதுதான் அவருடைய கவலை. நாங்கள் சண்டை பிடிக்க வந்திருப்பது அந்த நல்லெண்ணத்தோடுதான். ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்குக் கட்டாயம் வரவேண்டிய ஒரு ஆளை யாரும் கூப்பிடுவதில்லை. அது காப்புறுதிக் கொம்பனி. இப்படி ஒரு விபத்து நடந்தால் பொறுப்பு எடுப்பேன் என்று சொல்லி முன்கூட்டியே காசு வாங்கி வைத்திருக்கிற ஒரே ஆள் அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நடந்த சம்பவமில்லை, கணக்குக்காக நாங்கள் வைத்துக்கொள்வது. ஆனால் வாசிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த மூன்று பேராவது ஞாபகத்துக்கு வருவார்கள். இருபது வயதுப் பொடியன் ஒருவன். மாமாவின் மோட்டார் சைக்கிளில் பின்னேரம் ரியூஷனுக்கோ கிரிக்கெட்டுக்கோ போகிறான். பலாலி வீதியில் முன்னால் போன பஸ்ஸை வெட்டி எடுக்கும்போது எதிரே சைக்கிளில் வந்த மேசன் ஒருவரை அடித்துவிடுகிறான். அவருக்குக் காலில் இரண்டு இடத்தில் முறிவு. நாலு மாதம் வேலைக்குப் போகேலாது. நாட்கூலி 3500 ரூபா, மாதத்துக்கு 20 நாள் வேலை என்று வைத்தாலே, போன உழைப்பு மட்டும் 280,000 ரூபா. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்த காசு, பக்கத்தில் நிற்பதற்காக மனைவி விட்ட தையல் வேலை, வைத்த பிளேற்றைக் கழற்ற அடுத்த வருடம் இன்னொருக்கால் படுக்கவேண்டி வருவது எல்லாம் இதற்கு வெளியே. வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் நொண்டப்போவதும் வெளியே.

இப்போது கதைச்சு முடிக்கிறார்கள். 75,000 ரூபா. பொடியனுடைய அம்மா சங்கிலியை அடகு வைக்கிறா, கனடாவில் இருக்கிற சித்தப்பா கொஞ்சம் அனுப்புகிறார். மேசனுடைய வீட்டில் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்குகிறார்கள்: இனிமேல் இது சம்பந்தமாக எந்தக் கோரிக்கையும் எங்களுக்கு இல்லை. எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள். ஒரு மாதத்துக் கூலியைவிடக் கொஞ்சம் கூடிய தொகைக்கு ஒருவர் தன்னுடைய காலை விற்றுவிட்டார். காப்புறுதிக்கு ஏற்கனவே காசு கட்டிய மற்றக் குடும்பம் அதே விபத்துக்கு இரண்டாவது தரமும் காசு கட்டிவிட்டது. கொம்பனிக்கு ஒரு சதம் செலவில்லை.

எங்கட ஆக்கள் இதற்குச் சூட்டிய பெயர் சமாதானம்.

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற எல்லாரிடமும் இருக்கிற அந்தக் கார்ட்டைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம். பெரும்பாலானவர்களுக்கு அது வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கத் தேவைப்படுகிற ஒரு கடதாசி. புகைப் பரிசோதனைத் துண்டு, இன்சூரன்ஸ் கார்ட், பிரதேச செயலகம், முடிஞ்சுது அலுவல். "ஆகக் குறைஞ்சது எது, அதைப் போடுங்கோ" என்றுதான் கேட்கிறோம். அது தேர்ட் பார்ட்டி. அதற்குப் பெயர் ஏன் மூன்றாம் தரப்பு என்று வந்தது? முதலாம் தரப்பு காசு கட்டியவர், இரண்டாம் தரப்பு கொம்பனி. மூன்றாவது ஆள் வீதியில் விழுந்து கிடப்பவர். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அதன் 99 ஆம் பிரிவில், இந்தக் காப்பு இல்லாமல் வீதியில் வாகனம் ஓட்டக்கூடாது என்று சொன்னது அவருக்காகத்தான். உங்கட பைக்கின் ஹெட்லைற் உடைந்தால் அரசாங்கத்துக்குக் கவலையில்லை, அதற்குக் காப்பு எடுப்பதும் விடுவதும் உங்கட விருப்பம். உங்களால் இன்னொருவர் சாவதும் முடமாவதும்தான் கட்டாயக் காப்புக்குள் வருகிறது. அந்தக் கார்ட் உங்கட பேர்ஸில் இருந்தாலும் அதன் பயன் அந்த மேசனுக்குரியது. அவருக்கு உரியதை அவருக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டு, அடகு வைத்த காசில் இரக்கம் காட்டுகிறோம்.

"கேஸ் போட்டால் பொடியன்ர வாழ்க்கை போயிடும்" என்பது அடுத்த வாதம். இதில் இரண்டு வழக்குகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். பொலிஸ் போடுவது குற்றவியல் வழக்கு. கவனயீனமாக ஓட்டி ஒருவருக்கு மரணம் விளைவித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. மரணம் நடந்த வழக்கை நடத்துவது அரசு. ஆகவே இரண்டு குடும்பங்கள் தேத்தண்ணி குடித்ததால் அது இல்லாமற் போகாது. நீதவான் நீதிமன்றத்தில் கட்டுகிற தண்டப்பணம் அரசுக்குப் போகும், மேசனுக்கு வராது. மற்றது, மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டுப் போடுகிற குடியியல் வழக்கு. அதனால் யாரும் மறியலுக்குப் போவதில்லை. எங்கட ஆக்கள் பயப்படுவது முதலாவதுக்கு, கைவிட வைப்பது இரண்டாவதை.

அந்த இரண்டாவது வழக்கின் பிரதிவாதியாகப் பொடியனுடைய பெயர் இருக்கும் என்பது உண்மை. பெயரைப் பார்த்தவுடனே பகை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் 105 ஆம் பிரிவைப் பாருங்கள். காப்புறுதி செய்தவருக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பாணை கொடுத்தால், பொலிசியில் அடங்கும் பொறுப்புக்கான பணத்தைக் கொம்பனி செலுத்தவேண்டும். அதாவது பொடியனுக்கு எதிராக வழக்குப் போடுவதுதான் கொம்பனியின் பெட்டகத்தைத் திறக்கிற திறப்பு. மேசன் வழக்குப் போட்டால் பொடியனுடைய அம்மாவின் சங்கிலி அவவின் கழுத்திலேயே இருந்திருக்கக்கூடும். இதை அந்த ஓய்வுபெற்ற அதிபர் இரண்டு குடும்பத்துக்கும் சொல்லியிருந்தால், அவருடைய நல்லெண்ணத்துக்கு நாங்களும் தலை வணங்கியிருப்போம்.

இன்னொன்றும் இருக்கிறது, இது பொடியனின் பக்கத்தில் நிற்பவர்கள் கவனிக்கவேண்டியது. மோட்டார் காப்புறுதிப் பொலிசிகளில் வழமையாக ஒரு நிபந்தனை இருக்கும்: கொம்பனியின் சம்மதமில்லாமல் நீங்கள் குற்றத்தை ஏற்றுக்கொள்ளவோ, காசு தருவதாக வாக்குக் கொடுக்கவோ, கொடுக்கவோ கூடாது. விபத்து நடந்தவுடன் அறிவிக்கவும் வேண்டும். "பிழை எங்கட பொடியனில்தான், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்த அந்தக் கடதாசி, பிறகு மேசனுடைய கால் பழுதாகி அவர் மனம் மாறி வழக்குப் போட்டால், கொம்பனி நழுவுவதற்கு நீங்களே போட்டுக்கொடுத்த பாதை. விபத்து நடந்த இடத்தில் நின்று அடிபட்டவரைத் தூக்குவது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, பொலிசுக்குச் சொல்வது, மன்னிப்புக் கேட்பது எல்லாம் மனிதராகச் செய்யவேண்டியது. சட்டமும் நிற்கத்தான் சொல்கிறது. முத்திரை ஒட்டிய கடதாசியில் பொறுப்பை எழுதிக் கொடுப்பது வேறு விஷயம்.

காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கதைச்சு முடிப்பதில் ஆகப் பெரிய ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 1871 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிற காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின்படி இப்படியான நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடுக்கவேண்டும். "பொறுங்கோ, சித்தப்பா அடுத்த மாசம் அனுப்புறாராம்", "பொறுங்கோ, பொலிஸ் கேஸ் முடியட்டும்" என்று பொறுத்துப் பொறுத்து அந்த இரண்டு வருடம் போய்விடும். வழக்குப் போட்டாலும், தொடுப்பதற்கு முன்னரோ தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ கொம்பனிக்கு அறிவித்தல் போயிருக்கவேண்டும். இல்லாவிட்டால் தீர்ப்பு வந்தாலும் கொம்பனி கட்டத் தேவையில்லை. ஏழு நாள்! ஒரு செத்தவீட்டில் எட்டுச் செலவு முடிகிற நேரம்கூட இல்லை. இந்த ஏழு நாளைப் பற்றி எங்கட பள்ளிக்கூடத்துக் குடியியல் பாடத்தில் யாராவது படிப்பித்தார்களா? பாராளுமன்றத்தின் செங்கோலைப் பற்றிப் படித்தோம்.

"அவர் ஹெல்மெட் போடேல்லை, சைக்கிளில லைற் இல்லை, அவரிலயும் பிழை இருக்கு. கோட்டுக்குப் போனால் அவருக்கு ஒண்டும் கிடைக்காது" என்று அடிபட்டவரைப் பயப்படுத்துவதும் நடக்கிறது. இது பழைய காலத்துச் சட்டம். 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகு, அடிபட்டவரிலும் பங்குப் பிழை இருந்தால் அந்தப் பங்கு அளவுக்கு நட்டஈடு குறையும், முழுதாக இல்லாமற் போகாது. எங்கட பெற்றோர் பலர் பிறப்பதற்கு முன்னரே மாறிய ஒரு விஷயம் இன்னும் எங்கட மத்தியஸ்தம் செய்யும் பெரியவர்களின் காதுக்கு வந்து சேரவில்லை.

சாவு நடந்த வீடுகளில் இது இன்னும் கொடுமை. இந்த நாட்டில் விபத்துப் பொறுப்பை முடிவுசெய்வது றோமன் டச்சுச் சட்டம். அதன்படி ஒருவர் செத்தால், அவருடைய உழைப்பில் தங்கியிருந்தவர்களுக்கு ஏற்பட்ட பணநட்டத்தைத்தான் கேட்கலாம். அப்படியென்றால் உழைக்காத ஒருவர் செத்தால்? உயர்தரம் படிக்கிற பிள்ளை செத்தால்? கம்பஸ் போகிற எங்களில் ஒருவர் செத்தால்? பெற்றோரின் துயரத்துக்கு அந்தச் சட்டத்தில் விலையே இருக்கவில்லை. வைத்தியத்தில் நடந்த கவனயீனம் தொடர்பாக, ஒரு சிறுமியின் மரணத்தை ஒட்டிய புகழ்பெற்ற வழக்கொன்றில் 2001 இல் உயர் நீதிமன்றமும் அந்த நிலைப்பாட்டிலேயே நின்றது. அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் எடுத்தது. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம்தான் ஒருவரின் மரணத்தால் நெருங்கிய குடும்பத்தவர் இழந்த அன்பையும் அரவணைப்பையும் நட்டஈட்டுக்குரியதாக ஆக்கியது. இவ்வளவு காலம் போராடிக் கிடைத்த ஒரு உரிமையை, "போன உயிரைக் காசு திருப்பித் தருமே?" என்ற ஒரே கேள்வியால் அந்தியேட்டிக்கு முன்னரே மூடிவிடுகிறோம். காசு உயிரைத் திருப்பித் தராதுதான். ஆனால் அந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். மாதச் சம்பளக்காரர் நாட்கூலிக்காரரிடம் கேட்கிறார். எதிர்ப்பக்கம் ஒரு டொக்டரின் பிள்ளை செத்திருந்தால் இதே கேள்வியை அந்த வீட்டு விறாந்தையில் ஏறிக் கேட்கிற துணிவு இந்த ஊரில் யாருக்கு இருக்கிறது?

எங்களுக்கு நீண்ட நாளாக உறுத்துகிற ஒரு விஷயத்தையும் இதற்குள் சொல்லிவிடுகிறோம். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அது எங்கட நாட்டில் மிஞ்சியிருக்கிற நல்ல விஷயங்களில் ஒன்று, அதில் கை வைக்க நாங்கள் விடமாட்டோம். ஆனால் விபத்து விஷயத்தில் அந்த இலவசம் யாருக்குக் கிடைக்கிறது? முறிந்த எலும்புக்குச் சத்திரசிகிச்சை, கட்டில், மருந்து, பிஸியோதெரபி எல்லாவற்றையும் வரி கட்டுகிற சனம் கொடுக்கிறது. பில் இல்லாததால் அடிபட்டவரிடம் காட்டுவதற்குச் செலவுக் கணக்கும் இல்லை. சம்பளப் பட்டியல் இல்லாத மேசனுக்கு உழைப்பு நட்டத்தை நிறுவவும் கடதாசி இல்லை. ஆக மொத்தம், ஏழை அடிபட்டால் கொம்பனிக்கு மலிவு. பொதுமக்களின் ஆஸ்பத்திரி தனியார் காப்புறுதிக்குக் கொடுக்கிற மானியம் என்றே நாங்கள் இதைப் பார்க்கிறோம். ஆனபடியால்தான் அடிபட்ட ஒவ்வொருவரும் டயக்னோசிஸ் கார்ட்டையும், ஓட்டோக்காரர் எழுதிக் கொடுத்த துண்டையும், வேலை கொடுத்த கொந்தராத்துக்காரரின் கடிதத்தையும் தகரப் பெட்டியில் பூட்டி வைக்கவேண்டும் என்கிறோம்.

கொம்பனிகளின் விளம்பரத்தையும் ஒருக்கால் பாருங்கள். சம்பவ இடத்துக்கே வந்து நின்ற நிலையில் காசு தருவோம் என்கிறார்கள். உண்மைதான், தருகிறார்கள். காரின் பம்பருக்கு. முழுக் காப்புறுதி போட்டவரின் கதவு நெளிந்ததற்கு. மோட்டார் சைக்கிளில் ஒருவர் கமராவோடு வந்து படம் எடுத்து, அங்கேயே கணக்கு முடிகிறது. அதே வீதியில் அதே நேரத்தில் அம்புலன்சில் ஏற்றப்பட்டவரிடம் அவர் போய்க் கதைப்பதில்லை. தகரத்துக்கு அரை மணித்தியாலம், எலும்புக்கு ஆண்டுக்கணக்கு. எங்கட ஆக்கள் கதைச்சு முடிப்பதற்கு இந்தத் தாமதம்தான் முக்கியமான காரணம் என்பதை நாங்களும் மறுக்கவில்லை. லோயருக்குக் காசு வேண்டும், தவணைக்குத் தவணை ஒரு நாள் கூலி போகும். கொம்பனிகளுக்கும் இது நன்றாகத் தெரியும். எங்கட பொறுமையின்மையும் வறுமையும் அவர்களுடைய இலாபக் கணக்கில் ஒரு வரி.

மொழியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. பொலிசி ஆங்கிலத்தில், அதுவும் எறும்பு அளவு எழுத்தில். பொலிசில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி "இதில சைன் பண்ணுங்கோ" என்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைத்த வாக்குமூலம் பிறகு வழக்கில் உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டால் "தமிழ் தெரிஞ்ச ஆள் லீவு" என்பார்கள். அடுத்த நாளும் போய்க் கேட்கவேண்டும்.

இனிப் பொடியளுக்கு வருவோம். விபத்துச் செய்திக்குக் கீழே வருகிற கருத்துகளைப் பார்த்தால் எல்லாப் பிழையும் ஒரு தலைமுறையின் தலைமயிர் வெட்டில் இருக்கிறது என்று நினைப்பீர்கள். "தறுதலையள்", "வெளிநாட்டுக் காசு", "சைலன்சரைப் பிடுங்கவேணும்". வேகமாக ஓடுகிறவர்களுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. இந்த நாட்டில் வருடத்துக்கு 2000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள், அதில் ஆகப் பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். செத்தவர்களில் எங்களோடு படித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஏசுகிற பெரியவர்களிடம் சில கேள்விகள் இருக்கின்றன.

பதினாறு வயதுப் பிள்ளையிடம் திறப்பைக் கொடுத்து "கடைக்குப் போட்டு ஓடி வா" என்றது யார்? அனுமதிப்பத்திரம் இல்லாதவரை ஓட்டவிடுவதும் குற்றம். கொம்பனி காசு கொடுக்க மறுப்பதற்கு முதலில் தூக்குகிற ஆயுதமும் அதுதான். அப்படியான விபத்தில் அடிபட்டவருக்குப் பொலிசியும் இல்லை, பொடியனிடம் சொத்தும் இல்லை. தகப்பன் என்ற உறவுக்காக மட்டும் சட்டம் தகப்பனைப் பிடிப்பதில்லை. வாகனச் சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் மாமாவையும் பிடிப்பதில்லை. அவருடைய அலுவலுக்காக ஓடியதா, அவருடைய கவனயீனம் எங்கே என்றெல்லாம் நிறுவவேண்டும். இதைத் தெரிந்துகொண்டு ஒதுங்குகிற மாமாக்களையும் நாங்கள் அறிவோம்.

அடுத்தது, பைக் யாருடைய பெயரில் ஓடுகிறது? போருக்குப் பிறகு வடக்கில் பைக் வந்தது பெரும்பாலும் லீசிங்கில். லீசிங் முடியும்வரை கொம்பனி முழுக் காப்புறுதி போடவைத்தது. அது அடிபடுகிறவருக்காக அல்ல, தன்னுடைய பொருளுக்காக. லீசிங் முடிந்த கையோடு எல்லாரும் தேர்ட் பார்ட்டிக்கு இறங்கினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பைக்குகளின் விலை எங்கேயோ போனது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும்வரை பழசு கைமாறிக்கொண்டே இருந்தது. கைமாறியது பைக்தான், பெயர் மாறவில்லை. திறந்த கடதாசியில் வாங்கி, கையெழுத்து மட்டும் வைத்த மாற்றப் படிவத்தை லாச்சிக்குள் போட்டுவிட்டு ஓடுகிறோம். வவுனியாவில் இருக்கிற முகம் தெரியாத ஒருவர் எங்கட பைக்கின் பதிவுச் சொந்தக்காரர். விபத்து நடந்தால் பொலிஸ் முதலில் அவருடைய கதவைத் தட்டும். கொம்பனி "காப்புறுதி செய்தவர் யார், ஓட்டியவர் யார், அவர் சம்மதித்தாரா" என்று ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்து இழுக்கும். அந்த முடிச்சு அவிழுமட்டும் மேசன் வீட்டில் இருக்கவேண்டும்.

கனடாவில் இருக்கிற எங்கட வயது மச்சான்மாரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே லைசன்ஸ் எடுத்தவுடன் முதலில் புலம்புவது இன்சூரன்ஸைப் பற்றித்தான். ஒன்ராறியோவில் இருபது வயதுக்காரர் ஓட்டுகிறார் என்றாலே கட்டணம் ஆயிரக்கணக்கான டொலருக்கு ஏறிவிடும். அந்த முறையில் அநியாயம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை, ஏழைப் பொடியள் கார் ஓட்ட முடியாமலே போகிறது. ஆனால் அங்கே ஒரு வீட்டில் பிள்ளை ஓட்டப்போகிறது என்றால், "அடிச்சால் ஆர் கட்டுறது?" என்ற கேள்வி திறப்பைக் கொடுப்பதற்கு முன்னரே வருகிறது. இங்கே நாங்கள் கார்ட் எடுத்த இடங்களில் ஓட்டப்போகிறவரின் வயதையோ லைசன்ஸையோ ஒருவரும் கேட்கவில்லை. பைக்கின் இலக்கத்தை மட்டும் கேட்டார்கள்.

அடித்துவிட்டு ஓடுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாகனம் எதென்று தெரியாத விபத்துகளில் அடிபட்டவர்களுக்கு வீதிப் பாதுகாப்புத் தொடர்பான தேசிய சபை ஊடாக நட்டஈடு பெற ஒரு வழி இருக்கிறது. எத்தனை கிராமசேவையாளர் இதைச் சனத்துக்குச் சொல்லியிருப்பார்கள்? எங்கட கிராமங்களில் அப்படி அடிபட்டுக் கிடந்து, "விதி" என்று சொல்லி எழும்பியவர்கள் எத்தனை பேர்?

கம்பஸுக்குள்ளும் பார்ப்போம், அடுத்தவருக்குச் சொல்லிவிட்டு நாங்கள் தப்பேலாது. பரமேஸ்வராச் சந்தியில் பின்னேரம் நின்று பார்த்தால் தெரியும், ஒரு பைக் ஒரு நாளில் எத்தனை கைக்கு மாறுகிறது என்று. "மச்சான், திறப்பத் தா, போட்டோக்கொப்பி எடுத்துட்டு வாறன்." தராவிட்டால் அவன் கஞ்சன். லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் அவன் பெரிய மனுசன். எங்கட நட்பின் அளவுகோலே திறப்பாகிவிட்டது. சீனியர் ஜூனியரிடம் வாங்குகிற பைக்குக்கு ஜூனியர் மறுக்கவே ஏலாது. ராகிங்கைப் பற்றி எழுதிய எங்கட பக்கத்தில் இதைச் சேர்த்து எழுதாமல் விட முடியாது. அந்தப் பைக் பரமேஸ்வராச் சந்தியைத் தாண்டி யாரையாவது அடித்தால், அந்த ஜூனியரின் வீட்டுப் பெயரில்தான் கடிதம் வரும்.

மாணவர் ஒன்றியத்திடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. இரத்ததானம் செய்கிறோம், நினைவேந்தல் செய்கிறோம், மரம் நடுகிறோம். ஒரு சனிக்கிழமை சட்டத்துறை மாணவர்களைக் கூட்டி, ஒரு பக்கத்தில் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்கலாம்: விபத்து நடந்தால் பொலிஸ் பதிவின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எப்படி எடுப்பது, கொம்பனியின் பெயரையும் பொலிசி இலக்கத்தையும் எங்கே பார்ப்பது, இரண்டு வருடம், ஏழு நாள். கலைப்பீடத்து மொழிபெயர்ப்புப் பிள்ளைகள் அந்த எறும்பு எழுத்துப் பொலிசியைத் தமிழாக்கலாம். அதைப் போதனா வைத்தியசாலையின் எலும்பு முறிவு விடுதிக்கு வெளியே, அடிபட்டவர்களின் ஆக்கள் சாப்பாட்டுப் பெட்டியோடு காத்து நிற்கிற இடத்தில் கொடுக்கவேண்டும். கம்பஸ் மதிலில் ஒட்டிப் பிரயோசனமில்லை.

கதைச்சு முடிக்க வருகிற பெரியவர்களுக்கும் இடம் இருக்கிறது. வாருங்கள், இருங்கள், தேத்தண்ணியும் குடிப்போம். கதையைத் தொடங்க முன்னர் பொடியனிடம் அந்தக் கார்ட்டை எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். அதில் இருக்கிற கொம்பனியின் பெயரையும் இலக்கத்தையும் ஒரு கடதாசியில் எழுதி மேசனுடைய மனைவியின் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகு தொகையைப் பற்றிக் கதைப்போம்.